காத்து மாமா

மார்கழியில் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக நல்லூருக்குப் போவார்கள்; ஒடியல் கூழுக்கு ஆள் பிடிப்பார்கள். ஒருவர் மட்டும் படலையடியில் நிற்கிற வாகனத்தின் ரயர் அருகே குந்தியிருப்பார். கையில் டிஜிற்றல் மீற்றர். முன்னால் நின்றால் பிள்ளைகளுக்கு அவர் கனடா மாமா. அங்கால் திரும்பினால் காத்து மாமா.

"இந்தக் குளிருக்குக் காத்து இறங்கியிருக்கும், மருமோன்" என்பார். அவர் குளிர் என்கிறது 23 பாகையை. வெறும் மேலோடு நின்றுதான் சொல்வார். நம்பிச் சுவெற்றர் போட்டுக்கொண்டு நிற்பவன் மருமகன்.

கணக்கில் பிழை கிடையாது. வெப்பநிலை ஐந்தரைப் பாகை இறங்கினால் ரயருக்குள் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். ரொறன்ரோவில் 25 பாகை வெயிலில் 32க்கு அடித்த ரயர், சைபருக்குக் கீழே 20 பாகையில் 25 அளவுக்கு வந்துவிடும். அது சில்லறை விஷயமல்ல. ரயரின் இரு ஓரமும் தேயும், எண்ணெய்ச் செலவு ஏறும், பிறேக் பிடித்தால் வழுக்கும். இங்கே மத்தியானம் 30 பாகை, விடியப்புறம் 23. குறைவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் மாமா, திருவெம்பாவைக்காரர் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கையால் போகிற நேரத்தில் எழும்பி, வீட்டையும் எழுப்புவார்.

அவருடைய மேதைமை முழுதாக வெளிப்பட்டது ஹயஸ் வானில். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஓடிவந்து நின்ற உடனேயே மீற்றரை வைத்தார். நாலைந்து கூடக் காட்டியது.

"அண்ணை, ரயர் சூடு. ஆறட்டும்" என்றான் ஓட்டி வந்த பொடியன்.

"தம்பி, எனக்குச் சொல்லாதை. உங்கடை ஆக்கள் கண்டபடி அடிச்சு விடுறாங்கள்."

உஸ் என்று காற்றைக் கழற்றினார். அடுத்தநாள் காலை அளந்தால் நாலைந்து குறைவு. "பாத்தியோ, குளிர் செய்த வேலை!" என்றார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நியூற்றன் முகத்தில்கூடக் கண்டிருக்க முடியாது.

அவருடைய தமையனார் பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்காரர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேற்றரில் துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடினவர். ரயர் பார்க்க அவருக்குக் குதிக்காலே போதும். ஓர் உதை, சத்தத்தைக் கேட்டு ஒரு தலையாட்டல். (இதுவும் மோசமான முறைதான். பத்து பிஎஸ்ஐ குறைந்தாலும் குதிக்கால் கண்டுபிடிக்காது.) அவர் தம்பியிடம் சொன்னது: "அந்த நாளையிலை தடை செய்யாத ஒரே சாமான் காத்து. அதையும் நீ வந்து கழட்டிப் போட்டாய்."

உண்மையை அவிழ்த்தது மாமி. ஸ்காபரோ வீட்டுக் காரில் லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் லைற் ஒவ்வொரு குளிர்காலமும் எரிகிறதாம். "கையுறையைக் கழட்டிக் குனிய மனுசனுக்குப் பஞ்சி. அது கார் வாங்கேக்கை வந்த அலங்காரமாம்." மாமா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மீற்றரின் பற்றரியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்தால் விரட்டாதீர்கள். தேத்தண்ணி கொடுத்து மீற்றரை வாங்கி வையுங்கள், நல்ல சாமான். காலையில், வாகனம் ஓட முதல் அளந்து பாருங்கள். ஓடிச் சூடேறிய ரயரில் காற்றைக் கழற்றாதீர்கள். ரயரின் பக்கத்தில் பொறித்த எண் அது தாங்கும் உச்சம். நீங்கள் அடிக்க வேண்டிய அளவு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். யப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் எழுத்து விளங்காது, பரவாயில்லை. 220 என்று கிடந்தால் அது கிலோபாஸ்கல். கடைப் பொடியனிடம் 32 என்று சொல்லுங்கள்.