பாயிண்ட் கழிக்கிற அப்பா

நாமக்கல், சேலம் பக்கம் கிரிக்கெட் அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்குப் போனதிலிருந்து தெருவுக்கு நாலு பேர். ஜிம்னாஸ்டிக்ஸ் அப்பா மட்டும் அபூர்வப் பிறவி.

மகள் மூன்றாம் வகுப்பு. இவருக்குக் கோழிப்பண்ணை. முட்டை விலையில் ஐந்து பைசா ஏற்ற இறக்கத்துக்கே தூக்கம் கெடுகிறவர் என்பதால், தசமப் புள்ளி விளையாட்டு சட்டென்று பிடிபட்டுவிட்டது. சின்னத் தவறுக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரியதற்கு 0.5, விழுந்தால் முழுசாக 1. நடுவர்கள் இதைப் போட்டியோடு விட்டுவிடுகிறார்கள். இவர் வீட்டிலும் கழிக்கிறார். தோசை ஓரம் கிழிந்தால் 0.3. (அடுத்த தோசை வரத் தாமதமாவதற்கு வேறு காரணம் கிடையாது.) லோடு ஏற்ற வந்த டிரைவர் கேபினிலிருந்து குதித்துத் தடுமாறினால், “ஸ்டெப் எடுத்துட்டீங்களேண்ணா!”

“ஏனுங்க, பாப்பாவ சர்க்கஸ்ல சேர்த்திருக்கீங்களாமா?” என்று யாராவது கேட்டால் போதும், செல்போன் வெளியே வந்துவிடும். ரியோ ஒலிம்பிக், 2016, தீபா கர்மாகர், ப்ரொடுனோவா வால்ட். “15.066 வாங்குச்சுங்க அந்தப் புள்ள. வெறும் 0.15ல வெண்கலம் கைவிட்டுப் போச்சு!” கேட்டவர் வீடியோவை முழுசாகப் பார்த்து, உச்சுக்கொட்டி, பிறகு விசாரிப்பார்: “இதுக்கு மெடிக்கல்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டுங்களா?” நாமக்கல்லில் வேறென்ன கேட்பார்கள்?

தீபாவின் பாதம் தட்டை என்று படித்த அன்று மகளின் காலை நனைத்து, சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டுத் தடம் பார்த்தார். அழகான வளைவு. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

உயரம்தான் பெரிய கவலை. ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் 142 சென்டிமீட்டர்தான். ஊரில் எல்லோரும் பிள்ளை வளரட்டும் என்று இவர் பண்ணை முட்டையை வாங்கிப் போகிறார்கள். இவரோ மகளுக்கு ஒன்று கொடுப்பதா, ரெண்டு கொடுப்பதா என்று தட்டின் முன் நின்று யோசிக்கிறார்.

சேலத்தில் போட்டி. மகள் ஏறி நடக்கும் பேலன்ஸ் பீமின் அகலம் 10 சென்டிமீட்டர். மகள் இடப்பக்கம் சாய்ந்தால் இவர் கேலரியில் வலப்பக்கம் சாய்ந்து தூக்கி நிறுத்துவார். மகள் விழவில்லை, பக்கத்து அம்மாவின் தட்டுவடை செட் விழுந்தது.

“முட்டி மூணு தடவ மடங்கிருச்சு, கண்ணு.”

“எனக்கும் தட்டுவடை செட்டு வேணும்ப்பா.”

போன வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை வில்லாக வளைந்து வீறிட்டது. எல்லோரும் தோட்டைப் பார்க்க, இவர் மட்டும் முதுகைப் பார்த்தார். மொய்க் கவரைக் கொடுத்த கையோடு குழந்தையின் அப்பனை ஓரமாக இழுத்துப்போய், “மாப்ள, இந்த வளைவு சும்மா வராது. தலைமுடி எறக்குன கையோட சேர்த்துவிட்ருங்க” என்றார்.