மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம்

ஏலே பேராண்டி, இங்க வா. காலேஜுல குடுக்கப்போற கட்டுரைய நேத்து சத்தம்போட்டு வாசிச்சியே, திண்ணையில படுத்துக்கிட்டே பூராவும் கேட்டேன். நம்ம ஊர்க் கண்மாயப் பத்தின கட்டுரைன்னு கடைசிப் பக்கத்துலதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் ஒரே அறிஞர் கூட்டம். 'நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாயும் என்பர்.' ஏம்ப்பா, அதுக்கும் ஒருத்தர் வந்து சொல்லணுமா? நீ சொன்னா தண்ணி மேட்டுக்கு ஏறிருமாக்கும்!

நடுவுல 'ஆய்வாளர் கருதுகிறார்'னு ஒருத்தர் அடிக்கடி வந்தாரு. யாரோ பெரிய மனுசன்னு எந்திரிச்சு உக்காந்தேன். பாத்தா அது நீதானாம். 'நான்'னு சொல்லிக்கிட உனக்கு என்னலே பயம்? ஊர்வலம் தடபுடலாப் போகுது, கொட்டுமேளம் இருக்கு, மாமன் மச்சான் இருக்கான். மாப்பிள்ளைய மட்டும் காணோம்.

போன தை மாசம் தண்ணி கொறஞ்சு முறை வச்சப்ப, உங்கப்பன்கூட ராத்திரி கரையில காவல் இருந்தவந்தானே நீ? ஊருக்குத் தண்ணி பங்கு வச்சுவிடுற நீர்ப்பாய்ச்சி மடையத் தெறந்துவிட்டுட்டு அந்தப் பக்கம் போக, மேமடைக்காரன் நைசா வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கிட்டான். கடைமடைக்கு வந்து சேந்தது கால் நனையுற தண்ணி. டார்ச் அடிச்சு அதப் பாத்தவன் நீ. கட்டுரையில அது எங்க? 'நீர்ப்பங்கீட்டில் சில சிக்கல்கள் காணப்படுகின்றன'ன்னு ஒரே வரி. மேமடைக்காரனே எழுதிக் குடுத்த மாதிரில்ல இருக்கு!

அதுக்காக நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'உலகத்துலயே மொதக் கண்மாய் எங்க ஊருதான்'னு எழுதிறாத. அதுக்குப் பேரு தைரியம் இல்ல, அளப்பு.

ஊருச் சனங்ககிட்டக் கேட்டு எழுதுறது மட்டம்னும் நெனைக்காத. நம்ம இடைசெவல்காரர், எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பத் தாண்டாதவர். அவரப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக் கூப்பிட்டு உக்கார வச்சுது. ஒடனே காலேஜுக்கு முழுக்குப் போட்டுறாத, அதுல மட்டும் நீ கெட்டிக்காரன்! கரிசல் சனங்க வாயில புழங்குன சொல்லத் தேடித் தேடிச் சேத்து, அகராதியே போட்ட மனுசன் அவரு. சரி, படிச்சவுகளப் பாரு. உ.வே.சா. கும்பகோணம் காலேஜு வாத்தியாரு. சீவக சிந்தாமணியில சமணச் சங்கதி புரியாம நின்னப்ப, அந்த ஊரு சமணர் வீடு தேடிப்போயிக் கேட்டுக்கிட்டாரு. 1887-ல புத்தகம் வந்துச்சு. வாத்தியாரே போயிக் கேட்டிருக்காரு. உனக்கு நாலு வீடு தள்ளி இருக்குற நீர்ப்பாய்ச்சிகிட்டக் கேக்கக் கூச்சம்!

புத்தகம் எழுதுனவுகள ஊரவிட்டு வெரட்டச் சொல்லல. நீ பாக்காத காலத்துக்கும், உனக்கு எட்டாத கணக்குக்கும் அவுகளக் கூப்பிடு. அவுக சொன்னது நீ பாத்ததோட இடிச்சா, இடிக்குதுன்னே எழுது. உங்க வாத்தியார் 'ஆதாரம் எங்கே'ன்னு கேட்டா முழிக்காத. எந்தத் தேதி, எந்த மடை, யாரக் கேட்ட, மூணையும் எழுதிக் குடு. அதுவும் ஆதாரந்தான்.