கூட்டிப் பார்த்தீங்களா?

எங்கள் பக்கம் எண் கணிதப் பித்துப் பிடித்த ஒருவர் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் கூட்டிவிடுவார். இலுப்பூர் பஸ் வந்து நின்றால் ஏறுவதற்கு முன் அதன் நம்பரைக் கூட்டுவார். கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டால், நல்லவேளை எட்டு வந்த வண்டியில் ஏறாமல் தப்பித்தோம் என்பார். கரண்ட் பில், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று எது கைக்கு வந்தாலும் இலக்கங்கள்தான் முதலில் கண்ணில் படும். மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அப்புறம். புதுக்கோட்டை வண்டிகளுக்கு 55 என்று நம்பர். ஐந்தும் ஐந்தும் பத்து, பத்து என்றால் ஒன்று, ஒன்று சூரியன், அதனால்தான் நம்ம பக்கம் இந்த வெயில் அடிக்கிறது என்பதை அன்னவாசல் டீக்கடை பெஞ்சில் எப்போதோ நிறுவிவிட்டார். திருக்குறள் அதிகாரம் 133, கூட்டினால் ஏழு. குறள் 1330, அதுவும் ஏழு. பின்னால் பூஜ்யம் சேர்த்தால் கூட்டல் எப்படி மாறும் என்று கேட்டால், “அதைத்தான் நானும் சொல்றேன், வள்ளுவர் சும்மா வைக்கலை தம்பி” என்பார்.

இப்போது அவர் கைக்கு டாரட் சீட்டு வந்துவிட்டது. கிளி எடுத்துத் தரும் அட்டையில் சாமி படம்தான் இருக்கும், கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே கிளி ஜோசியத்தை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. டாரட் அப்படியா? 78 சீட்டு. அதில் கோல், கோப்பை, வாள், காசு என்ற நாலு குலத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட சீட்டே நாற்பது. பசித்தவன் முன்னால் பந்தி விரித்த மாதிரிதான். அவர் நம்மூர் எண் கணிதத்தை அப்படியே அதன்மேல் ஏற்றிவிட்டார்: மூன்று குரு, நான்கு ராகு, ஐந்து புதன், ஆறு சுக்கிரன், ஏழு கேது, எட்டு சனி, ஒன்பது செவ்வாய். எட்டுக் காசுச் சீட்டில் ஒரு கைவினைஞன் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். இவர் கண்ணுக்கு அங்கே சனீஸ்வரர் தெரிகிறார்.

இந்த ஏற்றுமதி செல்லாது என்பதற்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை, அந்தச் சீட்டே சாட்சி. இன்று எங்கும் புழங்கும் கட்டு 1909-இல் வந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட், படம் பமேலா கோல்மன் ஸ்மித். இருவரும் கோல்டன் டான் என்ற ரகசிய சங்கத்தில் இருந்தவர்கள். யூத மறைஞானத்தின் கபாலா மரத்தில் பத்து நிலைகள் உண்டு. அவற்றை வைத்துத்தான் அந்தச் சங்கம் எண்களைக் கிரகங்களோடு முடிச்சுப் போட்டது. அங்கே மூன்று சனி, நான்கு வியாழன், ஐந்து செவ்வாய், ஆறு சூரியன், ஏழு சுக்கிரன், எட்டு புதன், ஒன்பது சந்திரன். நம் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்: மூன்றிலிருந்து ஒன்பது வரை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் ஒன்றாவது பொருந்தியிருக்கலாம். “வழி வேற, போற ஊர் ஒண்ணு” என்று அவர் சமாதானம் சொல்வார். வழி இரண்டாக இருக்கலாம்தான். ஆனால் ஒரே கம்பத்தில் திருச்சிக்கு ஒரு பலகை கிழக்கையும் இன்னொரு பலகை மேற்கையும் காட்டினால், பலகையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எண் போட்ட நாற்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. பெரிய சீட்டுகள் 22-லும் கையை வைக்கிறார். மரணச் சீட்டு 13; கூட்டினால் நான்கு; நான்காம் சீட்டு பேரரசர்; ஆக மரணத்துக்குள் ஒரு பேரரசர் ஒளிந்திருக்கிறார். நட்சத்திரச் சீட்டு 17, கூட்டினால் எட்டு, எட்டு யார்? இங்கேதான் சிக்கல். பழைய மார்செய் கட்டில் எட்டு நீதி, பதினொன்று வலிமை. வெயிட் அவை இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். ஆகவே உங்கள் நட்சத்திரத்துக்குள் ஒளிந்திருப்பது நீதியா வலிமையா என்பதைப் பிரபஞ்சம் முடிவு செய்யவில்லை, எந்தக் கட்டை வாங்கினீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது.

கூட்டலையே கொஞ்சம் பார்ப்போம். ஓர் எண்ணின் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டுவது என்பது, அதை ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்ப்பதுதான்; மீதி இல்லையென்றால் ஒன்பது. அந்தக் காலத்துக் கணக்கர்கள் கூட்டல் சரியா என்று சோதிக்க இதைப் பயன்படுத்தினார்கள், விதியைப் பார்க்க அல்ல. அதுவும் பத்தின் அடுக்குகளை இலக்கம் நிற்கும் இடத்தால் காட்டும் முறையில்தான் இந்த வித்தை பலிக்கும். பழைய தமிழ்க் கணக்கில் பதினேழை ௰௭ என்று எழுதினார்கள். பத்துக்கு ஒரு குறி, ஏழுக்கு ஒரு குறி. அதில் ஒன்று என்ற இலக்கமே இல்லை, பிறகு ஒன்றும் ஏழும் எட்டு எங்கிருந்து வரும்? டாரட் சீட்டிலும் பெரிய எண்கள் ரோமன் குறியில்தான் இருக்கின்றன. நட்சத்திரச் சீட்டின் தலையில் பத்து, ஐந்து, ஒன்று, ஒன்று. எப்படிக் கூட்டினாலும் பதினேழுதான்.

அவர் தரப்பில் உருப்படியான வாதம் ஒன்று உண்டு. 8, 17, 26 தேதியில் பிறந்தவர்களுக்கு எண் கணிதத்தில் சனி. 27 நட்சத்திரங்களில் எட்டாவது பூசம், பதினேழாவது அனுஷம், இருபத்தாறாவது உத்திரட்டாதி. மூன்றுக்கும் தசாநாதன் சனியேதான்! இதைச் சொல்லிவிட்டு அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கும் தோரணைக்கே ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஒன்பது கிரகங்களை 27 நட்சத்திரங்களுக்கு மூன்று சுற்று வரிசையாகப் பங்கு வைத்தால் ஒன்பது தள்ளி ஒன்பது தள்ளி அதே கிரகம் வந்தே தீரும். எட்டில் சனி அமைந்தது மட்டும்தான் செய்தி. மற்ற எட்டையும் பாருங்கள்: முதல் நட்சத்திரம் அசுவினிக்குக் கேது, எண் கணிதத்தில் ஒன்றுக்குச் சூரியன், பரணிக்குச் சுக்கிரன், இரண்டுக்குச் சந்திரன். இப்படியே ஒன்பது வரை ஒன்றும் ஒட்டவில்லை. ஒன்பதில் ஒன்று. அந்த ஒன்றைத்தான் இத்தனை வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் சீட்டில் எண்ணுக்குப் பொருளே கிடையாதா? உண்டு, ஞாபகத்துக்கு. நாற்பது பலனை உருப்போடுவதைவிட நாலு குலம், பத்து எண் என்று பதினாலு விஷயத்தை வைத்துக்கொள்வது சுலபம். சில இடங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஐந்து என்றால் நாலு குலத்திலும் இழப்பு, அடிதடி, அவமானம், பனியில் நொண்டிப் போகும் ஏழைகள். ஆனால் மூன்றுக்குப் போனால் கோப்பையில் மூன்று பெண்கள் கொண்டாடுகிறார்கள், வாளில் ஓர் இதயத்தை மூன்று வாள் துளைத்து நிற்கிறது. மூன்று என்றால் வளர்ச்சி என்று படித்தவர் இதற்கு என்ன சொல்வார்? “துக்கம் வளருது” என்பார். ஞாபகம் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் பிறந்தது என்று பெற்ற அப்பன் தடுமாறுவான், அவர் தடுமாற மாட்டார்.

கோபம் வருவது அவர் சீட்டை வைத்துவிட்டுப் பெயரில் கை வைக்கும்போது. தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதி, ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சொருகி, எட்டை ஒன்பதாக்கிக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு அது ஒரு எழுத்து. அந்தப் பெயரைச் சுமக்கும் பையனுக்கு மார்க் ஷீட்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங். அதைச் சரிசெய்ய கெசட்டுக்கு விண்ணப்பம், கட்டணம், லீவு, அலைச்சல். எட்டு கொடுக்காத கஷ்டத்தையெல்லாம் ஒன்பது கொடுக்கிறது.

எட்டு அப்படியென்ன பாவம் செய்தது? பக்கத்திலேயே சித்தன்னவாசல் குன்று. ஏழடிப்பட்டம் குகையில் சமண முனிவர்களுக்காக வழுவழுவென்று செதுக்கிய கற்படுக்கைகள் பதினேழு. பெரிய படுக்கையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி எழுத்து. முக்தி பெற்ற உயிருக்குக் குணம் எட்டு என்று எண்ணிய மரபு அவர்களுடையது. எட்டைக் கண்டால் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆட்கள் அல்ல. இதை அவரிடம் எடுத்துச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார். உதடு அசையும். “பதினேழு படுக்கை, ஒண்ணும் ஏழும் எட்டு. அதான் தம்பி, இப்ப அங்க ஒருத்தரும் தங்கறதில்லை.”