எலும்புக்கூட்டைத் தாங்கியது தங்கூசியா, மாஞ்சாவா? காசிமேடு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

‘விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு’ என்பதை வசவாக நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். மற்றவர்களுக்குச் சுருக்கமான அறிமுகம்: உடுப்பிப் பக்கம் பிறந்து, தெலுங்கில் படமெடுத்து, தமிழ்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தவர் பி. விட்டலாச்சார்யா (1920–1999). நரசிம்மராஜுவும் ஜெயமாலினியும் நடித்த ‘ஜெகன்மோகினி’ 1978-இல் வந்தது. எலும்புக்கூடு, பூதம், உடம்பைவிட்டுத் தனியே திரியும் கைகால் என்று அவர் படங்களில் ஆடியவை எல்லாம் யாரோ ஆட்டிவைத்த பொம்மைகளே. ஆகவே அவற்றைப் பொம்மலாட்டப் படங்கள் என்றே இவ்வாய்வு கொள்கிறது. மறுப்பவர்கள் கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டக்காரரைப் பார்த்துவரவும். தலையில் மாட்டிய இரும்பு வளையத்திலிருந்து கயிறு தொங்கவிட்டு, பத்துக் கிலோ கனமுள்ள மரப்பொம்மையைக்கூட ஆட்டிவிடுவார். திரைக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் வசதி அவருக்கு உண்டு. விட்டலாச்சார்யாவுக்கு அது இல்லாமல் போனதுதான் இந்த ஆய்வுக்கு அடிப்படை. கயிறு தெரிந்தது.

முதல் சிக்கல், தெரிந்தது கயிறுதானா என்பது. வடசென்னையின் டி.எச். ரோட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் பிரதி தேய்ந்து, படம் முழுக்க ‘மழை’ பெய்யும். மழைக்கோடும் கயிறும் இரண்டுமே செங்குத்து. தரை டிக்கெட் அறிஞர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: பேயோடு சேர்ந்து நகர்ந்தால் கயிறு, பேய் போன பிறகும் நின்றால் மழை. இதைவிடத் துல்லியமான முறையியலை நான் பிறகு படித்த எந்த ஆய்வேட்டிலும் காணவில்லை.

அடுத்து, அது என்ன கயிறு? இங்கேதான் ராயபுரம் மூன்றாக உடைந்தது. வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தங்கூசிக் கட்சி, அதாவது மீன்பிடி நைலான் நரம்பு. “லைட்டு பட்டா பளிச்சுனு ஒரு கோடு வுட்டுப் போவுது பாரு, தங்கூசிதாம்பா” என்பது அவர்கள் வாதம். தினமும் கண்ணி எண்ணி வலை பின்னுகிற வீட்டிலிருந்து வருகிற சாட்சியைச் சுலபத்தில் தள்ள முடியாது. காத்தாடிக் கட்சியோ மாஞ்சா என்றது. கண்ணாடித்தூள் பூசிய நூலும் வெளிச்சத்தில் மின்னும். இரண்டு பேய்கள் குறுக்கே பறந்தால் ஒன்று அறுந்து டீல் ஆக வேண்டுமே, ஏன் ஆகவில்லை என்று கேட்டபோது அந்தக் கட்சி கொஞ்சம் தடுமாறியது உண்மை.

மூன்றாவது, துறைமுகக் கட்சி. இவர்கள் நூலின் ரகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை; சுமையை மட்டும் பார்த்தார்கள். எலும்புக்கூடு இறங்கும்போது பின் வரிசையிலிருந்து “ஆரியா… ஆரியா…” என்று ஒரு குரல் வரும். மேலே ஏறும்போது “ஆபீஸ்!” கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர் விஞ்ச்சுக்காரருக்குக் கொடுக்கும் அதே உத்தரவு. பேயும் சொன்னபடி கேட்டது. ஸ்லிங் ஒரு பக்கம் தாழ்ந்து எலும்புக்கூடு சாய்ந்தால், “யோவ், பேலன்ஸ் பாத்துக் கட்டக் கூடாது?” என்று விட்டலாச்சார்யாவுக்கே அறிவுரை போகும்.

இவ்வளவு தெரிந்தவர்கள் பயப்படவில்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். படம் விட்டதும் “ஆரியா” சொன்ன அண்ணனே கருமாரியம்மன் கோயில் விபூதியை எங்களுக்கு முன்னால் நெற்றியில் இழுத்துக்கொண்டுதான் இருட்டுச் சந்தில் நுழைந்தார். கயிறு கட்டித்தான் ஆட்டுகிறான் என்பது ஒரு கணக்கு, பேய் வந்துவிட்டது என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வடசென்னைக்குக் கஷ்டமே இல்லை. கயிற்றை நம்பி உயிரையே கட்டித் தொங்கவிடுகிற ஊர் இது.

ஒப்பீட்டுக்கு அமெரிக்கர் ஒருவரிடம் போவோம். ரே ஹாரிஹவுசன் 1963-இல் வெளிவந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்தார். சில நிமிடச் சண்டைக்கு நாலு மாதத்துக்கு மேல் ஆனது. கயிறே இல்லை, பிரமாதம்தான். ஆனால் நாலு மாதத்தில் விட்டலாச்சார்யா ஒரு முழுப் படத்துக்கே வழி பார்த்திருப்பார். நாயகன் கால்ஷீட்டில் முரண்டு பிடித்தால் சாபம் கொடுத்துக் கிளியாக்கி, மிச்சப் படத்தைக் கிளியை வைத்தே முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நிஜமோ கதையோ, அந்தச் சிக்கனம் எங்கள் பக்கத்துக்குப் புரியும்.

2009-இல் நமீதாவை வைத்து ‘ஜெகன்மோகினி’யை மறுபடி எடுத்தார்கள். கம்ப்யூட்டர் பேய். கயிறு இல்லாததால் கட்சிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கடைசியாக, அடுப்புக் காட்சி. பழைய படத்தில் மோகினி விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கிறாள். பெண்கள் பக்கத்தில் அலறல் அடங்கியதும் எழுந்த கருத்து: “இப்டி ஒரு காலு இருந்தா நாம ஏண்டி கிருஷ்ணாயிலுக்கு க்யூல நிக்கணும்?” பொருளாதார நோக்கில் இதை மிஞ்சிய விமர்சனம் இல்லை. ஆனால் சமீபத்தில் வலைக்காரப் பெரியவர் ஒருவர் இதே காட்சியை வைத்துத் தம் கட்சிக்கே வேட்டு வைத்தார். “நெருப்புல தங்கூசி உருகிடுமே நைனா. அப்போ அந்தக் கால எதுல கட்டுனான்?” மாஞ்சாவும் எரிந்துவிடும். எண்ணூரில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கட்டுக்கம்பி என்கிறார், அவருக்கு இப்போதே ஆதரவாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சட்டியில் என்ன குழம்பு கொதித்தது என்பதைப் பற்றி மட்டும் எந்தக் கட்சியும் இன்னும் வாய் திறக்கவில்லை.