கமலா ஆரஞ்சு மாஸ்டர்

வாணியம்பாடித் தோல் கம்பெனிகளில் கலர் பார்க்கும் டெக்னீஷியன்களுள் ஒரு ரகம் உண்டு. மிலான் நகரத்து லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு ஒரு தடவை போய்வந்த ரகம். எல்லாரும் ஏர்போர்ட் கடையில் விஸ்கி வாங்கும்போது, இவர் மட்டும் மாண்டரின் நெப்போலியன் சீசாவைத் தூக்கிக்கொண்டு வருவார். கமலா ஆரஞ்சுத் தோலை ஊறவைத்து, காக்னாக் சேர்த்து பெல்ஜியத்துக்காரர்கள் உருவாக்கிய தித்திப்பு மது அது.

“சதை வேணாம், தோல்தான் வேணும்னு தேடி வாங்கறவங்க உலகத்துலயே ரெண்டு பேர்தான் சார். ஒண்ணு அவங்க, இன்னொண்ணு நாம.”

நெப்போலியனே குடித்த சரக்கு என்றும் சொல்வார். அது விற்பனைக்கு வந்தது 1892இல். நெப்போலியன் 1821லேயே போய்ச் சேர்ந்தாயிற்று. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. சீசாவில் பெயர் போட்டிருக்கிறதே!

சனிக்கிழமை சாயங்காலம் ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, நண்பரின் காட்டேஜில் காக்டெயில் ஆராய்ச்சி தொடங்கும். மருந்து அளக்கிற குப்பி, பி.எச். பேப்பர், நோட்டு. நோட்டில் எல்லாமே சதவீதக் கணக்கு. தோல் எடைக்கு இத்தனை சதவீதம் தண்ணீர், இத்தனை சதவீதம் சாயம் என்று எழுதிப் பழகிய கை வேறெப்படி எழுதும்? எலுமிச்சம்பழம் அவருக்குச் சாயத்தைப் பிடிக்கவைக்கும் பார்மிக் ஆசிட் மாதிரி. கடைசியில் விட்டு ‘பிக்சிங்’ பண்ணுவார்.

தகராறு ஷேக்கரில்தான். ஐஸ் போட்டுப் பத்துப் பதினைந்து விநாடி குலுக்கினால் போதும். மணிக்கணக்கில் தோல் டிரம் ஓட்டியவருக்கு அது மனசு ஒப்பாது. “உள்ள இறங்கணும் பா” என்று குலுக்கிக்கொண்டே இருப்பார். ஐஸ் மொத்தமும் கரைந்து, காக்டெயில் பாலாற்றில் எப்போதாவது வரும் தண்ணீர் போல ஆகிவிடும்.

சைடுகார் என்கிற காக்டெயில் மாதிரி பிராந்தி, ஆரஞ்சு மது, எலுமிச்சை என்று நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ‘காப்பி’ ஆயிற்றே. வாரம் ஆறு நாளும் இத்தாலிக்காரன் அனுப்பிய துண்டுத் தோலைப் பார்த்து, அதே பழுப்பை இம்மி பிசகாமல் கொண்டுவருவது அவர் உத்தியோகம். ஏழாம் நாளாவது சொந்தமாக ஒன்று செய்ய வேண்டாமா? எனவே நன்னாரி விழும். பன்னீர் சோடா விழும். ஒரு வாரம் பொவொண்டோ விழுந்தது. அந்த வாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தனைக்கும் அவர் நம்புகிற ஒரே நீதிபதி குடிக்காதவர். பினிஷிங் மாஸ்டர் பாய், பிரியாணிக்காக மட்டும் மலை ஏறுகிறவர். கிளாஸைத் தொடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்.

“மஞ்ச கொஞ்சம் தூக்கலா இருக்கு சார். சிவப்பு ரெண்டு பாயின்ட் ஏத்துங்க.”

“டேஸ்ட் எப்படின்னு கேக்கலியே பாய்?”

“டேஸ்டா? அது உங்க டிபார்ட்மென்ட். அப்ரூவல் ஷேடுக்குத்தானே?”

நம்மவர் முகம் மலரும். உடனே சின்ன குப்பியில் கொஞ்சம் ஊற்றி மூடி, தேதி போட்டு லேபிள் ஒட்டிவிடுவார். கவுண்டர் சாம்பிளாம். யாராவது ரிப்பீட் ஆர்டர் கொடுத்தால் வேண்டியிருக்குமே.