விரல் பதியாதவர்கள் சார்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
தையல் பயிற்றுநர்,
சமுதாயத் திறன் பயிற்சி மையம் ஒன்று,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருகைப் பதிவு போர்ட்டல் அவர்கள்,
சர்வர் அறை (எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை).

பொருள்: பயிற்சி மணிநேரம் – மாணவியர் வருகை – தொகை விடுவிப்பு – உட்கார்ந்த நேரமும் கற்ற நேரமும் – தெளிவுரை வேண்டுதல் – சார்பு.

பார்வை: தங்கள் திரையில் சிவப்பு எழுத்தில் வந்த ‘பொருந்தவில்லை’ என்னும் பதில், பல நாட்கள்.

ஐயா அல்லது அம்மா,

மாணவிகளைச் சேர்க்கும்போது பாலினம் என்ற இடத்தில் எங்களுக்கு மூன்று கட்டம் கொடுத்திருந்தீர்கள். உங்களுக்கு எந்தக் கட்டம் என்று எங்கும் காணோம். விளிப்பில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. முதலில் மேலதிகாரிக்குத்தான் எழுதலாம் என்றிருந்தேன். அவரிடம் எதைக் கேட்டாலும், “போர்ட்டல் எடுத்துக்கலைங்க, நாங்க என்ன பண்றது?” என்கிறார். அவருக்கு மேலே இருப்பவரும் அதையே சொல்கிறார். அப்படியானால் எல்லாருக்கும் மேலே நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று புரிந்தது. சுற்றி வளைப்பானேன் என்று நேராகவே எழுதிவிட்டேன்.

எங்கள் ஊரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பக்கம், மலையடிவாரம். இங்கே தையல் படிக்க வருகிறவர்கள் பத்தாவதோடு நின்றவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் நின்றவர்கள், நிற்காமலேயே நிறுத்தப்பட்டவர்கள். இவர்களுக்காகத்தான் சமுதாயக் கல்லூரி என்ற யோசனையே இந்த நாட்டுக்கு வந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை உயர்மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் தன் பங்குக்குத் திட்டம் கொண்டுவந்தது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களிடம் கல்லூரியே வந்து சேர வேண்டும் என்பது எண்ணம். வந்தது. வாசலில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. 2015 ஜூலையில் மத்திய அரசு திறன் பயிற்சிக்குப் பொது நெறிமுறை வெளியிட்டபோது ஒரு மாணவரின் ஒரு மணி நேரத்துக்கு விலை வைத்தது. முதல் வகைத் தொழிலுக்கு 38 ரூபாய் 50 காசு, இரண்டாம் வகைக்கு 33 ரூபாய், மூன்றாம் வகைக்கு 27 ரூபாய் 50 காசு. எங்களை நடு வகை என்றே வைத்துக்கொண்டு, அந்த 2015 விலையிலேயே கணக்குப் பார்ப்போம். 30 பேர் கொண்ட ஒரு பேட்ச், 300 மணி நேரம்: 2,97,000 ரூபாய். நிமிடக் கணக்கில் இறங்கினால் ஒரு மாணவிக்கு 55 காசு. டவுன் பஸ் 20 நிமிடம் தாமதமானால் 11 ரூபாய் போச்சு. அந்தப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது வேறு. இலவசமாக ஏறுகிறவள் இறங்கும்போது 11 ரூபாய் நட்டத்தோடு இறங்குகிறாள் என்பதை எந்தத் துறையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. 10 நிமிடம் டீ குடிக்க எழுந்தால் 30 பேருக்கும் சேர்த்து 165 ரூபாய். எதிர்க் கடைக்காரர் தன் டீக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதை அறிந்தால் விலையை ஏற்றிவிடுவார். அதனால் அவரிடம் இதை நான் சொல்லவில்லை.

இனி விரல் விஷயம்.

எங்கள் பேட்ச்சில் ஒரு அக்கா இருக்கிறார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பல வருடம் இருந்தவர். சேலம் கொலுசு எங்கெங்கோ போகிறது. அதன் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைத்து மெருகேற்றிய விரல்கள் மட்டும் இங்கேயே தங்கிவிடுகின்றன, நுனி தேய்ந்துபோய். காலை 9 மணிக்கு அவர் உங்கள் கண்ணாடியில் ஆட்காட்டி விரலை வைக்கிறார். ‘பொருந்தவில்லை.’ சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு நடுவிரலை வைக்கிறார். பொருந்தவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு, வேறு யாரோ சொன்னார்கள் என்று அதைக் கழுவிவிட்டு, கட்டைவிரலை வைக்கிறார். உங்களுக்குத் திருப்தி இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. “டீச்சர், நான் வந்திருக்கேன்னு அதுகிட்ட யாராச்சும் சொல்லுங்களேன்” என்கிறார். நான்தான் சாட்சி. முப்பது பேரும் சாட்சி. எங்கள் சாட்சியத்தை ஏற்க உங்களிடம் பொத்தான் இல்லை.

விசைத்தறியில் இருந்து வந்தவளுக்கும் இதே கதை, சித்தாள் வேலைக்குப் போய் சிமெண்டு குழைத்தவளுக்கும் இதே கதை. காலேஜில் ஒரு வருடம் படித்துவிட்டு நின்ற பெண் ஒருத்தி வருகிறாள். வீட்டில் ஒரு தட்டு கழுவ விட்டதில்லை என்று அவள் அம்மாவே பெருமையாகச் சொன்னார். அவள் விரலைத் தொட்ட மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. திறன் வளர்க்கிற திட்டத்தில், கையில் திறன் ஏறியிருக்கிறவர்களை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டு, இனிமேல்தான் ஏற வேண்டியவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். ஒரு வகையில் இது நேர்மைதான்.

உங்கள் கறார்த்தனத்தைப் பார்த்து பயபக்தியோடு இருந்தேன். பிறகு 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் பற்றிப் படித்தேன். அது பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. நீங்கள் அல்ல, உங்கள் பெரியப்பா வீட்டுப் போர்ட்டல். ஏறத்தாழ 96 லட்சம் பேரின் விவரத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடைய வங்கிக் கணக்குக் கட்டத்தில் சுழியமோ, ‘இல்லை’ என்பதோ, வெறும் வெள்ளையோதான் இருந்ததாம். மிச்சத்திலும் 11111111111 என்று ஒரு கணக்கு எண். பல பேருக்கு ஒரே புகைப்படம். பதினொரு ஒன்றுகளை மனமுவந்து ஏற்றுக்கொள்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, எங்கள் கொலுசுப் பட்டறை அக்காவின் பத்து விரலில் ஒன்றைக்கூட ஏற்க மாட்டேன் என்கிறீர்கள். அவர் விரலை எடுத்துவிட்டு ஒன்று என்ற எண்ணைப் பதினொரு தடவை அழுத்தட்டுமா? தெளிவுரை வேண்டுகிறேன்.

அடுத்தது நேரம். காலை உள்ளே வர ஒரு விரல், மாலை 4.30க்கு வெளியே போக ஒரு விரல். இரண்டுக்கும் இடையில் இருப்பது பயிற்சி, அப்பால் இருப்பது ஒன்றுமில்லை. பாடத்திட்டத்தில் ‘ஜாக்கெட்டுக்குக் கை இணைத்தல் – 4 மணி’ என்று போட்டிருக்கிறது. நீங்கள் தைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். கைக்குழி முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக இருக்கும், பின்பக்கம் குறைவு. கையின் வளைவும் அப்படியே வெட்டப்பட்டிருக்கும். புதிதாகப் படிக்கிறவள் வலது கையை இடது பக்கம் வைத்து அழகாகத் தைத்து முடித்துவிடுவாள். போட்டுப் பார்த்தால் கையைத் தூக்க முடியாது. உட்கார்ந்து பிரிப்பாள். துணி கிழியாமல், நூலை மட்டும் ஊசி முனையால் தூக்கித் தூக்கிப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும். மறுபடி தைப்பாள், மறுபடி தோள்பட்டையில் சுருக்கம் விழும், மறுபடி பிரிப்பாள். தைக்கும்போது தெரியாத வளைவு பிரிக்கும்போதுதான் கண்ணில் படுகிறது. இதெல்லாம் 4.30க்குள் நடப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாண ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு, நாளைக் காலைக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற பயத்தில், 5 மணிக்கு மேல் நடக்கிறது. எல்லாரும் விரல் வைத்து ‘வெளியேறி’விட்டு மறுபடி வந்து மெஷினில் உட்காருகிறார்கள். உங்கள் பதிவேட்டின்படி அந்த நேரம் மையத்தில் யாருமே இல்லை. மெஷின்கள் தாமாகவே ஓடுகின்றன.

மாறாக, மதியம் சாப்பாட்டுக்குப் பின் 2 மணிக்கு, சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ‘சந்தைப்படுத்தல் உத்திகள்’ என்ற பாடத்தை நான் நடத்தும்போது முப்பது பேரும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள். நானும் ஏறத்தாழ அப்படித்தான். அந்த மணி நேரம் முழுதாக, 990 ரூபாயாக, உங்கள் திரையில் பச்சையாக ஏறுகிறது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று இன்னும் விசேஷம். எங்களிடம் இருப்பதில் பாதி கால் மெஷின், கரண்ட் வேண்டாம். அன்றைக்குத்தான் மின்விசிறிச் சத்தம்கூட இல்லாமல் நல்ல வேலை நடக்கும். உங்களுக்கு மட்டும் கரண்ட் வேண்டும். ஆகவே உங்கள் கணக்கில் அன்று யாரும் வரவில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பேட்டைக்குப் பேட்டை ஊரே திரள்கிறபோது வராதவர்களும், மின்தடை அன்று வந்து ஒரு பாவாடை முழுக்கத் தைத்தவர்களும் உங்களிடம் ஒரே எழுத்துதான் வாங்குகிறார்கள்.

இந்தத் தலையெழுத்து எங்களுக்கு மட்டும் இல்லை என்று அறிந்து சற்று ஆறுதல் பட்டேன். 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற கனவான் பள்ளி மானியத்துக்குத் திருத்த விதி கொண்டுவந்தார். சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். அதற்கு மேல் 8 ஷில்லிங் வேண்டுமானால் பிள்ளை 200 வேளைக்கு மேல் வந்திருக்க வேண்டும், வாசிப்பு எழுத்து கணக்கு மூன்றிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளர். பிள்ளைகள் படிப்பது போய், தேர்வுக்குத் தயாராவது மட்டும் நடக்கிறது என்று வருடா வருடம் புலம்பி எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அதைக் கைகழுவிவிட்டார்கள். அதற்குள் சென்னை மாகாணமும் பலனுக்கேற்ற மானியம் என்று அதைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது.

இன்றும் நம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆகஸ்ட் 1 எவ்வளவு பெரிய நாள் என்பதை நீங்கள் ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது முடிவாகிறது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலும் இந்த ஆகஸ்ட் 1 போல ஒரு நாள் உண்டு. பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடந்ததும் ஒரு நாள் தலை எண்ணுகிறார்கள். அங்கே ஒரு முழுநேர மாணவர் என்பது 525 மணி நேரம்: வாரம் 15 மணி, 35 வாரம். வீட்டு வேலை, குழந்தை, பகுதிநேரம் என்று பிய்த்துப் பிய்த்து வருகிறவர்களையெல்லாம் ஒட்டுப் போட்டு 525 வந்தால் ஒரு ஆள். அதிலும் 50 நிமிடத்தை ஒரு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் மானியக் குழுவின் சமுதாயக் கல்லூரி விதியில் 60 நிமிடம். அமெரிக்க மணியில் 10 நிமிடம் ஓட்டை இருக்கிறது என்பதை அறிந்து எங்கள் பேட்ச் மகிழ்ந்தது. கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுத் தைக்கிறவள் மட்டும், “அந்தப் பத்து நிமிஷத்த நமக்கும் குடுக்கச் சொல்லுங்க டீச்சர், பால் குடுத்துட்டு வந்துருவேன்” என்றாள். அவள் இப்போதும் பால் கொடுக்கத்தான் செய்கிறாள். அதற்கு 5 ரூபாய் 50 காசு ஆகிறது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பணம் கொடுப்பவர் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. எண்ணாமல் விட்டால் ஆளே இல்லாத மையத்தில் 30 பேர் படித்து முடித்து வெளியே வருவார்கள் என்பதும் தெரிந்ததே. ஆனால் ஆளே இல்லாத மையத்தை நடத்துகிறவர்கள் உங்களோடு சுமுகமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு 100 சதவீதம் வருகிறது. வராத ஆளுக்குக் காய்ச்சல் வராது, குழந்தை அழாது, பஸ் தாமதமாகாது. உங்கள் மனத்துக்கு உகந்த மாணவி அவள்தான்.

எங்கள் கோரிக்கை சிறியது. கடைசி நாளில் ஒவ்வொருத்தியிடமும் ஒரு மீட்டர் துணியைக் கொடுத்து, அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொடுத்து, தைத்ததைத் தெரிந்த தையல்காரர் ஒருவர் உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்கட்டும். கை தூக்க வருகிறதா, ஊக்கு நேராக நிற்கிறதா, இதற்கு அப்புறம் மணியைக் கேளுங்கள். 4.30க்கு மேல் ஓடிய மெஷின்களை யார் ஓட்டினார்கள் என்று ஒரு கட்டம் சேருங்கள். விரல் பதியவில்லை என்றால் பயிற்றுநர் கையெழுத்தை ஏற்கும் பொத்தான் ஒன்று வையுங்கள். தவறாகப் போட்டால் என் மேல் நடவடிக்கை எடுங்கள், என் விரல் நன்றாகவே பதியும்.

இதைத் தங்கள் குறைதீர் பக்கத்தில் ஏற்றத்தான் முதலில் முயன்றேன். குறை சொல்கிறவர் முதலில் விரல் வைத்துத் தன்னை உறுதிசெய்ய வேண்டும் என்று வந்தது. கொலுசுப் பட்டறை அக்கா வைத்தார். பொருந்தவில்லை. வேறு வழியில்லாமல் நான் வைத்தேன். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது. விரல் பதியவில்லை என்ற குறை என் பெயரில் ஏறியது. மறுநாள் காலை பதில் வந்திருந்தது: ‘தங்கள் விரல் வெற்றிகரமாகப் பதிவாகியுள்ளது. குறை தீர்க்கப்பட்டது.’

இப்படிக்கு,
தங்கள் கணக்கில் குறை இல்லாத,
தையல் பயிற்றுநர்.