இரு திசையிலும் ஏறும் சாலை: போபோடி சைக்கிளோட்டம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

புனே நகரின் வடமேற்கு விளிம்பில் முளா ஆற்றங்கரையில் இருக்கிறது போபோடி. ஆற்றைத் தாண்டினால் தாபோடி. இரண்டையும் இணைக்கும் பாலத்துக்கு ஹாரிஸ் பாலம் என்று பெயர். 1890 முதல் 1895 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபு, அதற்கு முன் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். மட்டை பிடித்தவர் பெயர் தாங்கிய அந்தப் பாலத்தின் மேல் பெடல் மிதிக்கிறவர் படும் பாடே இவ்வாராய்ச்சியின் பொருள்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார் என்பதால் இனி அவர் ‘மிதியாளர்’ என்றே வழங்கப்படுவார். தார்ச்சாலைக்கு ஒன்று, மலைப்பாதைக்கு ஒன்று என இரண்டு சைக்கிள்கள் வைத்திருக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் புனே வெயில் 40 டிகிரியைத் தொடும். அதனால் இருட்டோடு கிளம்பி, பேப்பர் வந்து வெகு நேரம் கழித்துத் திரும்புவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லும் வாசகம் கோடை முழுவதும் மாறவேயில்லை: “போறப்பவும் ஏத்தம், வர்றப்பவும் ஏத்தம் சார்.”

ஒரே சாலை இரு திசையிலும் மேடாக இருப்பது தர்க்க சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. ஆகவே ‘மிதியாளர் பொய் சொல்கிறார்’ என்பது பூர்வபட்சம். மேல்மாடிக்காரர்கள் அனைவரும் இக்கட்சியினர். அதை மறுத்து, அவர் சொல்வது இயற்பியலின்படி முக்கால்வாசி மெய் என்று நிறுவுவதே நம் சித்தாந்தம்.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான சான்றைப் பார்த்துவிடுவோம். மிதியாளரின் வழக்கமான தார்ச்சாலை, பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை. பிம்ப்ரி, சிஞ்ச்வட், நிக்டி, தேஹு ரோடு, தளேகாவ், காம்ஷேத் வழியாக லோனாவாலா வரைக்கும் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புதிய எக்ஸ்பிரஸ் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோனாவாலா 620 சொச்சம். அதாவது அறுபது கிலோமீட்டருக்கு அறுபது மீட்டர் ஏற்றம், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான். இதற்குப் பேர் ஏற்றமா? சிமெண்ட் தரை போடும் கொத்தனார்கூடத் தண்ணீர் வடிய இதைவிட அதிகமாகச் சாய்வு விடுவார். போதாக்குறைக்கு லோனாவாலா அருகே பிறக்கும் இந்திராயணி ஆறு காம்ஷேத், தேஹு, ஆளந்தி என்று கிழக்கே பார்த்து ஓடி வருகிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது. ஆகையால் திரும்பும் வழி இறக்கம் என்பதற்கு ஆறே நேர்சாட்சி.

இந்தச் சாட்சியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆறு மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். மிதியாளருடையது சில்லறைக் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த கருங்கல் நிலம். தட்டையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு படி எழும். காம்ஷேத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு படி உண்டு. இயற்கை மிச்சம் வைத்த சமதளத்தை மாநகராட்சிப் பொறியாளர்கள் கவனித்துக்கொண்டார்கள். பிம்ப்ரி–சிஞ்ச்வட் பகுதியில் சிக்னலுக்குச் சிக்னல் ஒரு சுரங்க வழி, இல்லாவிட்டால் ஒரு மேம்பாலம். இறங்கினால் ஏறியாக வேண்டும். ஏறினால் இறங்கியாக வேண்டும். இறங்கியதை யார் எண்ணுகிறார்கள்?

யாரும் எண்ணுவதில்லை என்பதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் மேடு, அதே பத்து கிலோமீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் மணிக்குப் பத்து, இறக்கத்தில் முப்பது கிலோமீட்டர் வேகம். ஏற ஒரு மணி நேரம், இறங்க இருபது நிமிடம். மொத்தம் எண்பது நிமிடத்தில் அறுபது நிமிடம் மேட்டிலேயே கழிகிறது. தூரத்தில் பாதிதான் ஏற்றம். ஆயுளில் முக்கால் ஏற்றம். சராசரி வேகத்தைக் கேட்டால் பத்தையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து இருபது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வார்கள். வருவது பதினைந்துதான். அந்தக் காணாமல் போன ஐந்து கிலோமீட்டர்தான் மிதியாளரின் முகத்தில் எழுதியிருப்பது.

அடுத்தது காற்று. இது பெரிய அதிகாரம். காற்றின் தடை எதிர்ப்படும் வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடம்பில் மோதுவது முப்பது. தடை இரண்டேகால் பங்காகிறது. அதே காற்று முதுகுக்குப் பின்னால் வந்தால் மோதுவது பத்து. தடை கால் பங்கு. போகும்போது ஒன்றேகால் நட்டம், வரும்போது முக்கால் லாபம். ஒரே காற்று, ஒரே சாலை, ஒரே வேகம். ஆனாலும் அரைப் பங்கு கடனோடுதான் வீடு திரும்ப வேண்டும். ஈட்டிக்காரர்கூட இந்த விகிதத்துக்குக் கூச்சப்படுவார். பக்கவாட்டுக் காற்றையும் நம்புவதற்கில்லை. போகிற வேகத்துக்குச் சமமான காற்று குறுக்கே வீசினாலும், முன்னோக்கிய தடை நூற்றுக்கு நாற்பது கூடுகிறது. உதவி செய்யும் காற்று வேண்டுமென்றால் அது நன்றாகப் பின்னால் சாய்ந்து வந்தாக வேண்டும்.

அப்படி ஒரு காற்று இருக்கத்தான் செய்கிறது. கோடையில் கொங்கணக் கரையிலிருந்து கிளம்பும் கடற்காற்று மலைத்தொடரைத் தாண்டிச் சாயங்காலம் புனேக்கு வந்து சேரும். மேற்கேயிருந்து திரும்புகிறவரைத் தள்ளிவிட வேண்டியது அதன் கடமை, செய்யவும் செய்கிறது. மிதியாளர் சில நாள் சாயங்காலமும் போவதுண்டு; அந்தச் சவாரிகளில் இதைக் கவனித்தோம். மிதியாளர் இருபதில் வர, காற்றும் இருபதில் பின்னால் வந்தால், அவர் மேனியில் காற்றே படாது. வியர்வை உலராமல் சட்டை ஒட்டிக்கொள்ளும், உடம்பு கொதிக்கும். ஆகவே அவர் குறிப்பேட்டில் ‘பயங்கரப் புழுக்கம், காத்தே இல்ல’ என்று பதிவாகும். வேகம் கூடியிருந்தால் அது காலின் வலிமை என்று பதிவாகும். எதிர்க்காற்றுக்கு வசவும் பின்காற்றுக்கு மௌனமும் கிடைப்பது நன்றிகேடு அல்ல, தோலின் அமைப்பு அப்படி.

மிதியாளரின் செல்பேசிச் செயலியும் அவர் கட்சியே. எத்தனை மீட்டர் ஏறினோம் என்பதை அது கூட்டிக்கொண்டே வரும். 1967-இல் பெனுவா மாண்டல்பிரோ என்ற கணித அறிஞர் பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அளவுகோல் சிறுக்கச் சிறுக்கக் கரை நீண்டுகொண்டே போகும் என்பது அதன் சாரம். ஏற்றக் கணக்குக்கும் இதே விதி பொருந்தும். நூறு மீட்டருக்கு ஒருமுறை அளந்தால் வெறும் சாலை. ஒரு மீட்டருக்கு ஒருமுறை அளந்தால் வேகத்தடை, குழி மூடிய மேடு எல்லாம் ஏற்றத்தில் சேரும். அதோடு செயற்கைக்கோள் தரும் உயரம் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். டீக்கடை வாசலில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டே சில மீட்டர் ஏறுவது இக்காலத்தில் சாத்தியம்.

சைக்கிளின் எடை பற்றி ஒரு சொல் போதும். சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. மிதியாளர் இரண்டு கிலோ குறைந்த சைக்கிளுக்கு ஆசைப்பட்டு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். 600 மீட்டர் மலை ஏறினால் அந்த இரண்டு கிலோவால் மிச்சமாவது உணவுக் கணக்கில் பன்னிரண்டு கலோரி. ஒரு வடாபாவில் ஒரு கடி.

இனி மலைச் சைக்கிள். இங்கே இயற்பியல் கைகொடுக்காது. தொல்காப்பியரிடம் போக வேண்டும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய சிறுபொழுது யாமம், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. மே மாதத்தில் புனேயின் வேதாள் குன்றில் சைக்கிளோடு நிற்பவர் குறிஞ்சி நிலத்தில் பாலைப் பொழுதில் நிற்கிறார். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் ஏற்கெனவே வகை செய்து வைத்திருப்பதால் புதுத் திணை தேவையில்லை. கருப்பொருள் மட்டும் திருத்தம் வேண்டும். பூ, மே மாதத்து குல்மொஹர். புள், குயில். மா, துரத்தும் நாய். பறை, லாரிக்காரருக்குக் கேட்காத சைக்கிள் பெல். தெய்வம், பஞ்சர் கடைக்காரர். ஆனால் மெலிந்த பிரெஸ்டா வால்வு வைத்த ட்யூபுக்கு அவர் பம்ப் பொருந்தாது, அருள் பாலிக்க முடியாமல் கையை விரிப்பார்.

யாழ் என்பது கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தில் கட்டிய சலங்கை. மகாராஷ்டிரத்தில் இந்தக் கடைக்கு ரசவந்தி என்று பெயர். சக்கரம் சுழலச் சுழலச் சலங்கை குலுங்கும். பல ரசவந்திகளின் பலகையில் கானிஃப்நாத் என்ற நாத சித்தரின் பெயர் இருக்கும். அவருக்கு போப்தேவ் மலைப்பாதையின் மேலே போப்காவ் அருகில் குன்றின் மீது கோயில் இருக்கிறது. சாற்றைக் குடித்துவிட்டு மூலவரைத் தரிசிக்கலாம் என்று கிளம்பினால் அதுவும் ஏற்றம்.

உரிப்பொருள், பிரிதலும் பிரிதல் நிமித்தமும். மிதியாளருக்கும் மூச்சுக்கும் இடையே நிகழ்வது அது. இதன் உச்சம் புனேக்கு அருகிலுள்ள சிங்ககட் கோட்டை. உச்சி 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. அடிவாரத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டரில் ஏறத்தாழ 600 மீட்டர் ஏற வேண்டும். 1670 பிப்ரவரியில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறை வழியாக ஏறி இந்தக் கோட்டையைப் பிடித்து உயிரையும் கொடுத்தார். உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி ஏறினார்கள் என்பது நாட்டுக்கதை. உடும்புக்கு கியர் கிடையாது. மிதியாளரின் சைக்கிளில் நிறைய உண்டு. எல்லாவற்றையும் பயன்படுத்தியும் பாதி வழியில் இறங்கித் தள்ளினார் என்பதை ஆராய்ச்சியின் நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். ஆளும் வண்டியுமாக 85 கிலோவை 600 மீட்டர் தூக்கும் வேலை சுமார் 500 கிலோஜூல். உடல் என்ற இயந்திரம் தின்றதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் ஏறத்தாழ ஐந்நூறு கலோரி செலவு. மேலே பிட்லா, இரண்டு பாக்ரி, சுடச்சுட வெங்காய பஜ்ஜி, மண்சட்டியில் தயிர். கோட்டை வாசலிலேயே ஐந்தொகை நேராகிவிடுகிறது. சில நாள் மிச்சமும் விழுகிறது.

நம் சித்தாந்தத்துக்கு ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு, அதை மறைக்கலாகாது. இதே சாலையில் இதற்கு முன்னும் சைக்கிள்கள் ஓடின. புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் பெற்றிருந்தது. 1869-இல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், 1954-இல் பிம்ப்ரியில் வந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸுக்கும் டிபன் டப்பாவைக் கேரியரில் வைத்து மிதித்தவர்கள் உண்டு. கியரில்லாத இரும்பு வண்டி. ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிறகு அதே சாலையில் ஆகுர்டியில் ஸ்கூட்டர் ஆலை வந்தது. 1972-இல் சேதக் ஸ்கூட்டர் வந்தது. சைக்கிள் மிதித்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டார்கள். இன்றும் ஜூன் வாக்கில் பக்திக் கவி துக்காராமின் பல்லக்கு தேஹுவிலிருந்து புறப்பட்டு ஆகுர்டியில் தங்கி, ஹாரிஸ் பாலத்தைக் கடந்து போபோடி வழியாகத்தான் புனேக்குள் வருகிறது. பின்னால் வரும் வார்கரிகள் பண்டரிபுரம்வரை நடப்பவர்கள். தாளம் தட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு. ஏற்றம் பற்றி அவர்கள் யாரும் முறையிடவில்லையே என்று மேல்மாடிக்காரர்கள் கேட்கிறார்கள்.

பதில் எளிது. அவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. மிதியாளர் போபோடியிலிருந்து கிளம்பிப் போபோடிக்கே வருகிறார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணத்தில் நிகர ஏற்றம் சுழியம், நிகர வேலை சுழியம், மீதி இருப்பது உழைப்பு மட்டுமே. அதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். ஏற்றம் என்று வைத்திருக்கிறார். நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனாலும் சோதனை இல்லாத ஆராய்ச்சி அரைவேக்காடு என்பதால் மே மாதக் கடைசியில் ஒரு பரிசோதனை செய்தோம். மிதியாளரையும் தார்ச்சாலைச் சைக்கிளையும் ‘சோட்டா ஹாத்தி’ என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி லோனாவாலாவில் இறக்கிவிட்டோம். போகிற பாதி நீக்கப்பட்டது. மிச்சம் இந்திராயணி வரும் வழி மட்டும். விடியற்காலை, காற்றில்லை. மாலை போட்டு வரவேற்க நாங்கள் ஹாரிஸ் பாலத்தின் போபோடி முனையில் காத்திருந்தோம். பாலத்தின் மேல் எழும்பி நின்று மிதித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் செல்பேசியை நீட்டினார். இறங்கிய அளவைவிடக் கொஞ்சம்தான் குறைவாக ஏறியிருப்பதாகச் செயலி காட்டியது.

“இறக்கத்துலயே இவ்வளவு ஏத்தம் சார்,” என்றார். “இந்தப் பாலத்தை மட்டும் எடுத்துட்டா கொஞ்சம் பரவாயில்ல.”